இருட்டைப் பார்த்த இரண்டாயிரம் பேர்

1961 மார்ச் 12, ஞாயிறு: முதல் இறுதியாட்டம். போட்ட நாற்காலிகள் 140.
அதே நாள், பிற்பகல் 4.12: விளக்கு அணைந்தது. 4.19: எரிந்தது. இருட்டு, ஏழு நிமிடம்.
1970: அந்த ஆட்டத்தை நேரில் பார்த்ததாக வாசல் பதிவேட்டில் எழுதியவர்கள் 163.
1980: 412.
1990: 870.
2000: 1,455.
2009: 2,016. இவர்களில் 1961-க்குப் பிறகு பிறந்தவர்கள் 203.

கூட்டலை மூன்று முறை சரிபார்த்தாயிற்று. பிழை இல்லை. நாற்காலி அதே நூற்று நாற்பதுதான். அதில் உட்கார்ந்தவர்கள்தான் ஆண்டுக்கு ஆண்டு பெருகிக்கொண்டே வருகிறார்கள். இன்னும் சில பத்தாண்டு விட்டால் ஊர் கொள்ளாது.

வாசகரே, இது ஒரு தனி இனம். 'நேரில் பார்த்தவர்' என்று பெயர். எல்லா ஊரிலும் உண்டு, எல்லாத் தொழிலிலும் உண்டு; ஆனால் ஆண்டு தவறாமல் ஒரு பெரிய போட்டி நடக்கும் இடத்தில் இந்த இனம் செழித்து வளரும். அவருக்கு வேண்டியதெல்லாம் எப்போதோ நடந்து முடிந்த ஒரு சம்பவம், அதைப் பார்க்காத ஓர் ஆள், அந்த ஆள் எழுந்து ஓட முடியாத ஓர் இருக்கை. கிடைத்துவிட்டால் போதும், சோறு தண்ணீர் கேட்கமாட்டார்.

அடையாளம் கண்டுகொள்வது எளிது. சர்வதேச இறகுப்பந்துப் போட்டி நடக்கிறது. அரங்கு முழுவதும் ஆடுகளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒருவர் மட்டும் பக்கத்து இருக்கைக்காரரின் காதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரேதான். ஆடுகளத்தில் ஒரு பெண் காற்றில் எழும்பி, முதுகை வில்லாய் வளைத்து, மட்டையை ஓங்குகிற அந்த அரைக்கணத்தில் இவர் உதட்டைப் பிதுக்கி, தலையை மெல்ல ஆட்டி, "இதெல்லாம் ஒரு அடியா? நீங்க அறுபத்தொண்ணு பார்த்திருக்கணும்" என்பார். நீங்கள் மரியாதைக்குத் திரும்புவீர்கள். புள்ளி போய்விடும். அப்போதையதும் பார்க்கவில்லை, இப்போதையதும் பார்க்கவில்லை. அவருக்கு அதில் ஒரு திருப்தி.

இன்னொரு குணம், நகர்வது. முதல் ஐந்தாண்டு அவர் சொல்வது, "நான் அரங்குக்குள்ளதான் இருந்தேன்." பத்தாம் ஆண்டில் கடைசி வரிசைக்கு முந்தின வரிசை. இருபதாம் ஆண்டில் மூன்றாவது வரிசை. முப்பதாம் ஆண்டில் ஆடுகளக் கோட்டை ஒட்டி. வீரரின் வியர்வை இவர் சட்டையில் தெறித்திருக்கும். ஆயுள் கெட்டியாக இருந்து நூறு வயது வாழ்ந்தால் இறுதியாட்டத்தை இவரே ஆடிக் கோப்பையையும் வாங்கிவிடுவார்.

இந்த இனத்துக்கு நல்ல மாதிரி வேண்டுமென்றால் கண்ணாடிக் கடைக்காரர் ஒருவரைப் பார்க்கலாம். பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. 'அறுபத்தொண்ணு' என்று கேட்டால் கடைவாசலிலேயே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அது அவருடைய வயது என்று நினைத்துக்கொண்டு, இந்த மனிதருக்கு மட்டும் ஆறு ஆண்டாக வயதே ஏறவில்லையே என்று வியந்தவர்களும் உண்டு.

மற்ற 'நேரில் பார்த்தவர்'கள் கேட்க ஆள் தேடி அலைவார்கள். அறுபத்தொண்ணுக்கு அந்தக் கவலை இல்லை. கடைக்கு வருகிறவரை உயரமான நாற்காலியில் உட்கார்த்தி, மூக்கின்மேல் இரும்புச் சட்டத்தை மாட்டி, ஒரு கண்ணைக் கறுப்புத் தகட்டால் மூடிவிடுவார். ஒரு கண்ணை மூடிய மனிதன் எங்கே ஓடுவான்?

"இந்த வில்லையில தெரியுதா?"

"கொஞ்சம் மங்கலா இருக்குங்க."

"மங்கலா? அன்னைக்கு அரங்குல கும்மிருட்டு. அதுல பந்து எங்க விழுந்துச்சுன்னு இந்தக் கண்ணு ரெண்டும் பார்த்துச்சு. நீங்க என்னடான்னா பட்டப்பகல்ல இத்தனை பெரிய 'ட'னாவைத் தெரியலேங்கிறீங்க!"

"எனக்கு அடுத்த வில்லை…"

"போடறேன், இருங்க. அப்ப என்ன ஆச்சுன்னா…"

அப்போது என்ன ஆயிற்று என்பதை நாம் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். அவர் சொல்லிக் கேட்டால் கடை சாத்தும் நேரம் ஆகிவிடும்.

முதல் போட்டிக்கு வந்தவை மூன்று நாடுகள், இருபத்திரண்டு ஆட்டக்காரர்கள். உள்ளூர் அணி ஒன்று. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேருந்தில் வந்து இறங்கிய அணி ஒன்று. மூன்றாவது நாடு ஒரே ஆள்: ஆறடி நாலங்குலம் உயரமுள்ள ஓர் இளம் பல் வைத்தியர். கையில் ஒரு தோல்பை, தோளில் இரண்டு மட்டை, ஒரு நாடே நடந்து வந்து நின்றது. அவர் வந்ததால்தான் போட்டி 'சர்வதேசம்' ஆயிற்று என்பதால் நிர்வாகிகள் அவரைத் தலையில் வைத்துத் தாங்கினார்கள். ஊர் அவருக்கு நெட்டையர் என்று பெயர் வைத்தது.

இறுதியாட்டத்தில் நெட்டையரை எதிர்த்தவர் உள்ளூர்த் தபால்காரர். வெளிச்சம் கண்ணில் அடிக்கக் கூடாதென்று அரங்கின் சன்னல்களை எல்லாம் கறுப்புத் துணியால் மூடி, உள்ளே மின்விளக்கு போட்டிருந்தார்கள். மூன்றாவது ஆட்டம். பழைய பதினைந்து புள்ளிக் கணக்கு. நெட்டையர் 14, தபால்காரர் 12. சர்வீஸ் நெட்டையர் கையில். இன்னும் ஒரே புள்ளி. நெட்டையர் எழும்பினார், ஓங்கினார், அடித்தார். விளக்கு அணைந்தது.

ஏழு நிமிடம் கழித்து வெளிச்சம் வந்தபோது பந்து தரையில் கிடந்தது, யாருடைய காலோ பட்டு நசுங்கி. எங்கே விழுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. நடுவர் 'லெட்' என்றார். அந்த ஒரு புள்ளியை மறுபடி ஆட வேண்டும். மறுபடி ஆடியதில் நெட்டையர் தவறவிட்டார். தபால்காரர் மீண்டு வந்து சமன் செய்து, அன்றைய விதிப்படி மூன்று புள்ளி நீட்டித்து ஆடி, 17–14 என்று வென்றார்.

நடந்தது இவ்வளவுதான். ஆனால் 'பந்து உள்ளேயா, வெளியேயா?' என்று ஊர் இரண்டாகப் பிரிந்து ஐம்பது ஆண்டு சண்டை போட்டது. முடிதிருத்தும் கடையில் கத்தி கழுத்தில் இருக்கும்போதே சண்டை. கல்யாணப் பேச்சில் "பொண்ணு வீட்டுக்காரங்க உள்ளேயா வெளியேயா?" என்று விசாரித்த வழக்கும் உண்டு. வேடிக்கையைக் கவனியுங்கள்: இத்தனை சாட்சிகளும் பார்த்தது இருட்டை. இருட்டைப் பார்க்க இரண்டாயிரத்துப் பதினாறு பேர்! வெளிச்சத்தில் நடந்த 'லெட்'டுக்குப் பிந்தைய ஐந்து புள்ளியைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. அதைப் பார்த்தவர்கள் நூற்று நாற்பதே பேர் போலிருக்கிறது.

போட்டி வளர்ந்தது. 1968-இல் மரத்தளம் வந்தது. 1974-இல் நைலான் பந்தைப் போட்டுப் பார்த்துவிட்டு எடுத்தார்கள். 1983-இல் தொலைக்காட்சி, 1991-இல் பச்சை விரிப்பு, 2006-இல் இருபத்தோரு புள்ளிக் கணக்கு, மூன்று நாடு இருபத்துநான்கு நாடாயிற்று. அறுபத்தொண்ணு ஒவ்வொன்றையும் வாசலில் நின்று ஒரே வாக்கியத்தால் வரவேற்றார்: "இனி இது உருப்பட்ட மாதிரிதான்." ஆண்டு தவறாமல் வந்தார். ஓர் ஆட்டத்தையும் பார்க்கவில்லை. பார்க்க நேரமேது? சொல்லவே நேரம் போதவில்லை.

அவருக்குப் போட்டி வெளியே இல்லை, வீட்டுக்குள்ளேயே இருந்தது. மனைவியின் அண்ணன், அதாவது மச்சான், அவரும் 'நேரில் பார்த்தவர்'. இருவரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்தால் வீடு இரண்டுபடும்.

"மாப்ளே, நீங்க எந்த நாற்காலி?"

"முப்பத்தேழு. நீங்க?"

"தொண்ணூத்திரண்டு. எங்கப்பா பக்கத்துல. ஆமா, உங்களை நான் அன்னைக்குப் பார்க்கலையே?"

"இருட்டுல எப்படிய்யா பார்ப்பீங்க?"

இந்தப் பேச்சு நடக்கும்போதெல்லாம் அறுபத்தொண்ணின் மனைவி உள்ளே பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருப்பார். அந்த நேரங்களில் மட்டும் பாத்திரம் சற்று உரக்கச் சத்தம் போடும்.

இப்போது ஓர் உண்மை. அறுபத்தொண்ணு அன்று முப்பத்தேழில் உட்காரவில்லை. எந்த எண்ணிலும் உட்காரவில்லை. முப்பத்தேழு அவருடைய கடையின் கதவு எண். ஆட்டத்தன்று அவருக்குப் பதினேழு வயது, கையில் அனுமதிச் சீட்டு கிடையாது. அரங்கின் பின்புறம் ஆறடிக்கு நாலடியில் ஒரு மின்சார அறை. அதன் உச்சியில் காற்றுக்காக ஒரு சிறு துவாரம். அந்தத் துவாரம் ஆடுகளத்தின் பின்கோட்டுக்கு நேர் மேலே. சுவரில் காலை ஊன்றித் தொற்றிக்கொண்டு பார்த்தார். பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டுமே? கைக்கு வாட்டமாக மரக் கைப்பிடி ஒன்று இருந்தது. நெட்டையர் எழும்பினார். இவரும் எழும்பினார். நெட்டையரின் கை கீழே வந்தது. கைப்பிடியும் கீழே வந்தது. அது மெயின் சுவிட்ச்.

அப்புறம் ஓடினார். அவ்வளவு வேகமாக அந்த ஊரில் யாரும் அதுவரை ஓடியதில்லை. அதற்கு மட்டும் நேர்சாட்சி இல்லை.

ஒளிந்துகொள்ள வேண்டியவர் ஏன் ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்தார் என்று கேட்பீர்கள். சந்தைக் கூட்டத்தில் 'திருடன், திருடன்' என்று முதலில் கத்துகிறவன் யார்? சாட்சியாகிவிட்டால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று நினைத்துத்தான் முதலில் சொன்னார். சொல்லச் சொல்ல நாக்குக்குப் பழகிவிட்டது. பத்து ஆண்டில் முப்பத்தேழாம் நாற்காலியின் ஒரு கால் ஆடியதுகூட அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

மறக்க விடாதது ஒன்றுதான்: நெட்டையரின் கடிதம். ஆண்டுக்கு ஒன்று, சனவரியில், நிர்வாகக் குழுவின் பெயருக்கு வரும். முதல் இருபத்தாறு ஆண்டு அதைக் கொண்டுவந்து கொடுத்தவர், வேடிக்கையைப் பாருங்கள், அவரைத் தோற்கடித்த அதே தபால்காரர். கடிதத்தில் நலம் விசாரிப்பு, வாழ்த்து, கடைசியில் ஒரே கேள்வி: 'விளக்கை அணைத்தவர் யார் என்று தெரிந்ததா?' குழுவின் பதிலும் ஒன்றே: 'மின்தடை. வருந்துகிறோம்.' இந்தக் கேள்வி பதில் ஆண்டுக் கூட்டத்தில் வாசிக்கப்படும், எல்லாரும் சிரிப்பார்கள், அறுபத்தொண்ணும் சிரிப்பார். சிரிக்கும்போது வலது கை தானாக எதையாவது பிடித்துக்கொள்ளும்.

2010. ஐம்பதாவது போட்டி. குழுவுக்கு அப்போது செயலாளர் ஓர் அம்மையார். ஒரு காலத்தில் இரட்டையர் ஆட்டத்தில் வலைக்கருகே நின்று ஆடியவர். எதிரில் வருவது எதுவானாலும் மூக்குக்கு நேரே நிறுத்திவிடுகிற பழக்கம் அப்படியே இருந்தது. கிடங்கில் கிடந்த 1961-இன் மடக்கு நாற்காலிகளைத் தூசு தட்டி, அதே எண்களோடு இறுதியாட்டத்தன்று முன்வரிசைகளில் போடுவதென்றும், அன்று அதில் உட்கார்ந்தவர்களையே மறுபடி உட்கார்த்திப் பொன்னாடை போர்த்துவதென்றும் அறிவித்தார். விண்ணப்பத்தில் பெயரும் நாற்காலி எண்ணும் எழுத வேண்டும்.

வந்த விண்ணப்பங்கள் 611. ஒன்றாம் எண்ணுக்கு மட்டும் 94 பேர். 118 முதல் 121 வரை தூணுக்குப் பின்னால். அந்த நாலுக்கும் ஒரு விண்ணப்பமும் இல்லை. தூணுக்குப் பின்னால் உட்கார்ந்த வம்சமே அற்றுப்போயிற்று.

அறுபத்தொண்ணு விண்ணப்பித்தாரா என்றா கேட்கிறீர்கள்? முதல் நாளே. ஐம்பது ஆண்டாக வாயால் உட்கார்ந்த நாற்காலியில் ஒரு நாளாவது உடம்பால் உட்கார்ந்துவிட வேண்டும், ஊர் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு முப்பத்தேழு பொய்யில்லை, புகைப்படம் உண்டு. இதுதான் அவர் கணக்கு. புதிதாக ஒரு வெள்ளைச் சட்டைகூடத் தைக்கக் கொடுத்துவிட்டார்.

செயலாளரம்மாவின் கணக்கு வேறு. முதல் போட்டியின் அனுமதிச் சீட்டுப் பேரேடு, எந்த எண்ணில் யார் என்று முத்து முத்தான கையெழுத்தில், கோப்பை அலமாரிக்கு அடியில் அகப்பட்டுவிட்டது. அதை அவர் யாருக்கும் சொல்லவில்லை.

பிப்ரவரி 13, சனிக்கிழமை காலை, குழு அறையில் விசாரணை. இறகு வாடை வீசும் பந்துப் பெட்டிகள், கறுத்துப்போன கோப்பைகள், ஒரு சுற்றுக்கு ஒரு முனகல் முனகும் மின்விசிறி. சுவரோரப் பெஞ்சுகளில் முப்பது பேர். மச்சானும் இருந்தார். விசாரணை முடிந்ததும் துணிக்கடைக்குப் போக வேண்டும் என்பதால் அறுபத்தொண்ணின் மனைவியும் மடியில் பையோடு ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"எந்த நாற்காலி, சார்?"

"முப்பத்தேழு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? ஒரு கால் ஆடும். வேணும்னா எடுத்துப் பாருங்க."

"ஆட்டம் முடியறவரைக்கும் நீங்க மட்டும்தான் அதுல இருந்தீங்களா?"

"நான் மட்டும்தான். அசையல."

"அப்படின்னா அம்பயரை மடியிலயா வெச்சிருந்தீங்க?"

அறை சிரித்தது. என்னவென்று முதலில் அவருக்கு விளங்கவில்லை. செயலாளரம்மா பேரேட்டைத் திருப்பிக் காட்டினார். நடுவரின் உயர இருக்கை அன்று வந்து சேரவில்லை. இரண்டு மேசையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உச்சியில் ஒரு நாற்காலியைப் போட்டு நடுவரை ஏற்றியிருக்கிறார்கள். பேரேட்டில் எழுதியிருந்தது: '37 – நடுவருக்கு எடுக்கப்பட்டது.'

மச்சான் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "என்ன மாப்ளே, இத்தனை வருஷமா நீங்கதான் அம்பயரா? சொல்லவே இல்லையே!"

"நீங்க சிரிங்க சார், உங்களுக்குத்தான் வர்றேன்" என்று செயலாளரம்மா பக்கத்தைப் புரட்டினார். "தொண்ணூத்திரண்டு. இதோ. தொண்ணூத்தொண்ணுல உங்கப்பா. தொண்ணூத்திரண்டுல 'மகள்'னு எழுதியிருக்கு. நீங்க மகளா?"

மச்சானின் வாய் சிரித்த கோலத்திலேயே நின்றுவிட்டது. அறை மொத்தமும் ஓரத்தில் இருந்த தங்கையைப் பார்த்தது.

"அண்ணனுக்கு அன்னைக்குப் பொன்னுக்கு வீங்கி" என்றார் அந்த அம்மாள், பையின் வாரைத் தடவிக்கொண்டே. "கன்னம் பூசணிக்காய் மாதிரி இருந்துச்சு. சீட்டு வீணாப் போகக் கூடாதுன்னு அப்பா என்னைக் கூட்டிட்டுப் போனார்."

"அப்ப நீங்கதான் நிஜ சாட்சி! இத்தனை வருஷமா ஏம்மா சொல்லல?"

"யாரு கேட்டா?"

"பந்து உள்ளேயா, வெளியேயாம்மா?"

"யாருக்குத் தெரியும்? விளக்கு போனதும் அப்பா தோள்ல சாஞ்சேன். தூங்கிட்டேன். எழுப்பினப்போ கோப்பை குடுத்துட்டு இருந்தாங்க."

சிரிப்பு அடங்க இரண்டு நிமிடம் ஆயிற்று. அந்த இரண்டு நிமிடமும் அறுபத்தொண்ணு மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். புதுச் சட்டை, பொன்னாடை, முன்வரிசை, புகைப்படம் எல்லாம் கண்ணெதிரே மடிந்து கிடங்குக்குப் போவது தெரிந்தது. அப்போதாவது பேசாமல் வெளியே போயிருக்கலாம். மின்தடை மின்தடையாகவே இருந்திருக்கும். ஆனால் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது: "விடுங்கம்மா, அறுபத்தொண்ணு அறுபத்தொண்ணுல ஊர்லயே இருந்திருக்க மாட்டார்!"

குற்றவாளி என்று சொன்னால் இந்த இனம் பொறுத்துக்கொள்ளும். அங்கே இல்லை என்று சொன்னால் பொறுக்காது. நுணல் தன் வாயாலேயே கெடும்.

"யாருய்யா அது? நானா ஊர்ல இல்ல? நான் இல்லேன்னா அன்னைக்கு அந்த இருட்டே வந்திருக்காது!"

முப்பது தலைகளும் அவர் பக்கம் திரும்பின.

சொன்னது என்னவென்று அவருக்கே பிறகுதான் உறைத்தது. ஆனால் வாய் நிற்கவில்லை. ஐம்பது ஆண்டில் முதல் முறையாக உண்மையைச் சொல்லுகிற சுகம் கண்டுவிட்டது. பின்பக்க அறை, சுவரில் கால் ஊன்றிய இடம், பச்சை வண்ணம் அடித்த மரக் கைப்பிடி, அதில் சுற்றியிருந்த சணல், எல்லாம் வந்தன. ஒன்றும் கூடவில்லை, ஒன்றும் குறையவில்லை. எந்த வரிசைக்கும் நகரவும் இல்லை.

செயலாளரம்மா எழுந்து அலமாரியைத் திறந்து கடிதக் கோப்பு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். நாற்பத்தொன்பது கடிதங்கள்.

"கடைசிக் கடிதத்துக்கு நாங்க இன்னும் பதில் போடல. நீங்களே எழுதிடுங்க, சார்."

அங்கேயே உட்கார்ந்து எழுதினார். எட்டு வரி. எழுதி முடித்ததும் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

துணிக்கடைக்குப் போகவில்லை. தெருவில் பாதி தூரம் வந்ததும் மனைவி, "நீங்கதானா அது?" என்றார்.

"ம்."

"நல்ல தூக்கம். வெளிச்சத்துல எனக்குத் தூக்கமே வராது." நாலடி நடந்துவிட்டு, "இத்தனை வருஷம் பொய் சொன்னப்ப எல்லாம் சரின்னு கேட்டுக்கிட்டேன். இன்னைக்கு உண்மை சொல்றீங்க, அதைத்தான் நம்பவே முடியல" என்றார்.

மார்ச் 14, ஞாயிறு. ஐம்பதாவது இறுதியாட்டம். நூற்று நாற்பது நாற்காலியில் பேரேட்டோடு ஒத்துப்போனவர்கள் ஒன்பது பேர். மீதி 131 நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. அவற்றுக்குச் சொந்தம் கொண்டாடியவர்கள் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். தொண்ணூற்றிரண்டில் அறுபத்தொண்ணின் மனைவி பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தார், இந்த முறை தூங்காமல். அறுபத்தொண்ணுக்கும் ஒரு நாற்காலி கொடுத்தார் செயலாளரம்மா: மின்சார அறைக்குள், எண் இல்லாதது, மெயின் சுவிட்சுக்குக் காவலாக. துவாரத்தைக் குளிர்சாதனக் குழாய் வைத்து எப்போதோ அடைத்திருந்தார்கள். 1961-க்குப் பிறகு முதல் முறையாக ஓர் ஆட்டத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்ற ஆசை அவருக்கு அன்றுதான் வந்தது. காதில் விழுந்ததெல்லாம் கைதட்டல். அதுவும் யாருக்கென்று தெரியவில்லை.

விழா மலரில் அவர் ஒப்புதல் வாக்குமூலம் முழுவதும் அச்சாயிற்று. நெட்டையருக்கு வாழ்த்து அனுப்ப விரும்புவோருக்காக முகவரியையும் கீழே போட்டார்கள். அந்த முகவரியைப் போட்டிருக்கக் கூடாது.

நெட்டையரின் பதில் சூன் 4, வெள்ளிக்கிழமை வந்தது. குழு அறையில் செயலாளரம்மா உரக்கப் படித்தார். அறுபத்தொண்ணு நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

'அன்புள்ள நண்பர்களுக்கு. எனக்கு இப்போது எழுபத்தாறு வயது. பற்களைப் பிடுங்குவதை நிறுத்தி ஆறு ஆண்டாகிறது. என் கேள்விக்குப் பதில் கிடைத்ததில் மகிழ்ச்சி. ஆனால் ஒரு சிக்கல். விளக்கை அணைத்தது நான்தான் என்று உங்கள் ஊரிலிருந்து இதுவரை எனக்குப் பன்னிரண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. அந்தச் சுவிட்ச் மிகப் பெரியதாக இருந்திருக்க வேண்டும்.

நான் ஏன் கேட்டுக்கொண்டே இருந்தேன் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் அடித்த அந்தப் பந்து வெளியேதான் போய்க்கொண்டிருந்தது. ஒரு முழம் வெளியே. அடித்தவனுக்குத் தெரியாதா? விளக்கு அணைந்ததால் எனக்கு இன்னொரு வாய்ப்பு கிடைத்தது. அதையும் நான் கெடுத்துக்கொண்டேன் என்பது வேறு விஷயம். அந்த ஏழு நிமிடம் இருட்டில் நின்றபோது, நான் இன்னும் தோற்கவில்லை என்று இருந்ததே, அது என் வாழ்க்கையின் நல்ல ஏழு நிமிடம். அணைத்தவருக்கு நன்றி சொல்லத்தான் கேட்டேன். யாரென்று தேர்ந்தெடுக்க இனி எனக்கு நேரம் இல்லை. நன்றியைப் பன்னிரண்டு பேரும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.'

மற்றவர்கள் சிரித்தார்கள். அறுபத்தொண்ணு சிரிக்கவில்லை. ஐம்பது ஆண்டு வயிற்றில் சுமந்தது ஒரு குற்றமே இல்லை. கடைசியில் அது அவருக்கு மட்டும் சொந்தமும் இல்லை. பன்னிரண்டில் ஒரு பங்கு!

மனிதர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? மறுநாள் காலை கண்ணாடிக் கடைக்குப் போயிருக்க வேண்டும் நீங்கள்.

"இதுல தெரியுதா?"

"தெரியலைங்க."

"பரவாயில்ல. அறுபத்தொண்ணுல அந்த நெட்டையர் தோத்துட்டார். ஒரு முழம் வெளியே. நான் பார்த்தேன். ஐயோ பாவம்னு மனசு கேக்கல. டக்குன்னு கைப்பிடியை இழுத்து அவருக்கு இன்னொரு வாய்ப்பு வாங்கிக் குடுத்ததே…"

2010 டிசம்பர் 31 வரை விளக்கை அணைத்ததாக ஒப்புக்கொண்டவர்கள்: 31. இவர்களில் ஒருவர் மச்சான். பொன்னுக்கு வீங்கியோடு எழுந்துபோய் அணைத்தாராம். 1961-க்குப் பிறகு பிறந்தவர்கள்: 4. மின்சார அறையின் அளவு: ஆறடிக்கு நாலடி.

வாசகரே, நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஒரு சின்னக் கணக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். நீங்கள் அடிக்கடி சொல்லுகிற அந்தச் சம்பவத்தில், பத்து ஆண்டுக்கு முன்னால் எந்த வரிசையில் இருந்தீர்கள்? போன ஆண்டு எந்த வரிசையில்? நடுவில் எழுந்து நடந்த ஞாபகம் இருக்கிறதா? இந்தக் கதையைக்கூட நாளை யாருக்காவது சொல்லாமல் இருக்கப் போவதில்லை. சொல்லும்போது, 'குழு அறையில ஓரமா நானும் நின்னுட்டு இருந்தேன்' என்று நாக்கு நுனிவரை வருமே, அப்போது கொஞ்சம் எதையாவது பிடித்துக்கொள்ளுங்கள். சுவிட்சாக இல்லாமல் பார்த்து.

இப்படி ஒப்புக்கொண்டு இதுவரை வந்தவற்றில் கடைசிக் கடிதம் ஒரே வரி: 'உண்மையில் கைப்பிடியை இழுத்தவன் நான்.' கையெழுத்து இல்லை, முகவரி இல்லை. யார் எழுதியது என்று உங்களை யாரும் கேட்கப் போவதில்லை. வந்து சேர்ந்த நாள் மட்டும் பதிவாகியிருக்கிறது: 2011 பிப்ரவரி 9, புதன்.